மழை நாளில் யார் பேசுவது, என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் விடுதிப் பள்ளியில் 260 பிள்ளைகள். பெற்றோர் பெரும்பாலும் கோவை, திருப்பூர் பக்கம். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்த அன்று, முழு விவரமும் தெரிந்த பிறகு அறிவிக்கலாம் என்று நான்கு மணி நேரம் பொறுத்தோம். அதற்குள் ‘விடுதி இடிந்துவிட்டது’ என்று பரவிவிட்டது. இனி என்ன செய்யலாம்?
— பள்ளி நிர்வாகி, கோத்தகிரி

பதில்: பொறுத்ததுதான் பிழை. முழு விவரமும் கைக்கு வரும் நேரம் என்று ஒன்று பேரிடரில் கிடையாது. நீங்கள் பேசாத நான்கு மணி நேரமும் வேறு யாரோ பேசுகிறார்கள். முதல் செய்தி அரை மணிக்குள் போகட்டும். இப்படி:

“காலை 7.40. பிள்ளைகள் 260 பேரும் விடுதியில் இருக்கிறார்கள், எண்ணிப் பார்த்தாயிற்று. மேட்டுப்பாளையம் சாலை மூடல். யாரும் கிளம்பி வர வேண்டாம். அடுத்த செய்தி 9 மணிக்கு.”

நேரம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. காலையில் போட்ட செய்தி கைமாறி இரவு ஒரு தாயிடம் சேரும்போது அது பழையது என்று அவருக்குத் தெரிய வேண்டும். 9 மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் ‘7.40-இன் நிலையே நீடிக்கிறது’ என்று அனுப்பியே ஆக வேண்டும். அது தவறினால் 260 வீட்டிலிருந்தும் போன் வரும். ‘பயப்பட வேண்டாம்’ என்ற சொல் யாருடைய பயத்தையும் போக்கியதில்லை. தலை எண்ணிக்கை போக்கும். எண்ணி முடிக்காவிட்டால் ‘எண்ணிக்கொண்டிருக்கிறோம்’ என்றே எழுதுங்கள். சாலை எப்போது திறக்கும் என்று நீங்களாக ஊகித்துச் சொல்லாதீர்கள். அதற்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 இருக்கிறது.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம். மின்சாரம் போய் டவர் தடுமாறும்போது இணையம் நின்றாலும் குறுஞ்செய்தி பல நேரம் போய்ச் சேரும். ஆனால் தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுதான். ‘கு’ என்ற ஓரெழுத்தே இரண்டாகக் கணக்காகும். மேலே உள்ள மாதிரி இரண்டு மூன்றாக உடையும், ஆகவே இன்னும் சுருக்குங்கள். மொத்தமாக அனுப்ப, அனுப்புநர் பெயரையும் வாசக மாதிரியையும் மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கான டி.எல்.டி. (DLT) பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். மழை வந்த பிறகு பதிய முடியாது, ஆவணியிலேயே முடித்துவிடுங்கள்.

பேசுபவர் ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர். போன் எடுக்கும் எல்லாருடைய மேஜையிலும் அனுப்பிய செய்தி எழுதிய அதே தாள். வார்டன் தன் ஸ்டேட்டஸில் தனியாக ஒரு படம் போட்டால் மற்ற உழைப்பு அத்தனையும் வீண். பக்கத்து ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) வரும் ஊழியர்களுக்குப் படுக மொழியில் அரை நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். அதிலும் முதலில் நேரம்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தூளில் சாயம் கலப்பதாக வதந்தி. உடனே மறுக்கலாமா?
— சிறு தொழிற்சாலை உரிமையாளர், குன்னூர்

பதில்: ‘சாயம் இல்லை’ என்று தலைப்பிட்டால் படிப்பவர் மனதில் தங்குவது ‘சாயம்’தான். செய்ததைச் சொல்லித் தொடங்குங்கள்: எந்தத் தேதியில், எந்த லாட்டில் மாதிரி எடுத்தீர்கள், எந்த அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள், முடிவு எந்த நாளில் வரும். அதுவரை அந்த லாட்டை அனுப்பாமல் நிறுத்துங்கள். முடிவு பாதகமாக வந்தாலும் அதே இடத்தில் வெளியிடுவோம் என்று இப்போதே எழுதுங்கள். 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணி கேப்சூல்களில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. விஷம் தொழிற்சாலையில் கலந்ததல்ல. அப்படியிருந்தும் சரக்கு கடையில் இருக்கட்டும் என்று அவர்கள் விடவில்லை.

கேள்வி: விபத்தில் தொழிலாளி இறந்தால் பெயரை எப்போது வெளியிடலாம்?
— எஸ்டேட் மேலாளர், கூடலூர்

பதில்: வீட்டார் அறிந்த பிறகு. போனில் அல்ல; இருவர் நேரில் போக வேண்டும், ஒருவர் அவர்கள் மொழி பேசுபவராக. அதுவரை நிருபரிடம் ‘ஒருவர் இறந்துவிட்டார், குடும்பத்தினருக்குத் தெரிவிக்கச் சென்றிருக்கிறோம்’ என்ற இரண்டு தகவல் மட்டும். ‘தவறு நடந்திருந்தால் வருந்துகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த ‘இருந்தால்’ என்பதை அடித்துவிடுங்கள். இறந்தவர் இறந்துதான் இருக்கிறார்.