கூடம் நேராக இருந்ததால் ஆடினாளா?

அன்புள்ள ஐயா,

சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்காகப் பந்து வீசும் பிராக் பர்டியைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். "வாங்கும் சம்பளத்துக்குத் தகுதியானவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

பதினோரு ஆண்டுகளாக சான் ஹோசேயில் இருக்கிறேன். திங்கட்கிழமை காலை அலுவலகப் பேச்சில் ஊமையாக நிற்கக் கூடாது என்பதற்காகப் பார்க்கத் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்து, இன்று வீட்டில் சண்டை மூட்டும் அளவுக்கு வந்துவிட்டது. என் மைத்துனர் பர்டி பக்தர். என் கட்சி வேறு. மெக்காஃப்ரி, டீபோ சாமுவேல், ஐயுக், கிட்டில், இடது பக்கக் காவலுக்கு ட்ரெண்ட் வில்லியம்ஸ், ஆட்டத்தை வகுத்துக் கொடுக்கப் பயிற்சியாளர் ஷானஹன். இத்தனை பேர் சூழ நின்றால் சராசரி ஆட்டக்காரனும் நட்சத்திரமாகத் தெரிவான். 2024இல் இவர்களில் பலர் காயம்பட்டு உட்கார்ந்ததும் 17 ஆட்டங்களில் ஆறுதான் வென்றார்கள். பர்டிக்கு ஐந்தாண்டுக்கு 26.5 கோடி டாலரா? புது ஆட்டக்காரர் தேர்வின் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைத் தாரை வார்த்து, பர்டிக்கு முன்பே அதே இடத்துக்கு வாங்கிய ட்ரே லான்ஸை நான்கே ஆட்டங்களில் கைகழுவியது நியாயமா? நீங்கள் விரிவாக எழுத வேண்டும்.

அன்புடன்,
க., சான் ஹோசே

அன்புள்ள க.,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் கட்சி அந்தப் பழமொழியின் மறுபக்கம். நன்றாக ஆடுகிறவளைப் பார்த்து, "கூடம் நேராக இருக்கிறது, ஆடுகிறாள், இதில் என்ன அதிசயம்?" என்கிறீர்கள். கூடம் நேராக இருந்தது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் கூடத்துக்குத் தளம் போட்ட காசு யாருடைய சம்பளத்தில் மிச்சம் பிடித்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. என் ஒற்றை வரியிலும் அது இல்லை. அது என் பிழை.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சில வார்த்தைகள். குவாட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, ஏறத்தாழ இரண்டரை நொடிக்குள் யாருக்கு வீசுவது என்று முடிவெடுக்க வேண்டியவர். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. பர்டியை சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் எடுத்தது 2022 டிராஃப்டின் 262ஆவது இடத்தில், அதாவது கடைசியாக. பந்தியில் கடைசி இலை. அந்த இடத்தில் வருகிறவருக்கு அங்கே கேலியாக ஒரு பட்டமே உண்டு: மிஸ்டர் இர்ரெலவன்ட், கணக்கில் வராதவர்.

முதலில் லான்ஸ். நானும் அவருடைய கட்சிக்காரனாக இருந்தவன்தான். 2021இல் நைனர்ஸ் 12ஆவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காக மியாமிக்கு மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும், போதாதென்று ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தார்கள். வந்தவரோ கல்லூரியில் மொத்தம் 17 ஆட்டங்களில் முதல் ஆளாக இறங்கியவர். 2020இல் கொரோனாவால் ஒரே ஓர் ஆட்டம். ஆனால் என்ன கை, என்ன ஓட்டம்! 2019இல் 28 டச்டவுன் வீச்சுகள், அதாவது எல்லைக்கோடு தாண்டிப் புள்ளி பெற்றவை; எதிரணி ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. அந்தக் காணொளிகளைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன்.

2022 செப்டம்பர் 18 அன்று, நைனர்ஸ் மைதானம் இருக்கும் சாண்டா கிளாராவில், சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் நான் மேல்தட்டு இருக்கையில் இருந்தேன். லான்ஸ் பந்தோடு நடுவில் ஓடினார், குவியலில் விழுந்தார், எழவில்லை. கணுக்கால் முறிந்திருந்தது. மருத்துவர்கள் காலில் உறை மாட்டிக்கொண்டிருந்தபோது இரு அணி ஆட்டக்காரர்களும் சுற்றி நின்றார்கள். எனக்கு முன்வரிசையில் லான்ஸின் பெயர் பொறித்த புதுச் சட்டை அணிந்த ஒரு சிறுவன் இருந்தான். சட்டையின் முதுகில் விலைச்சீட்டு மாட்டியிருந்த பிளாஸ்டிக் நூல் இன்னும் வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி லான்ஸை ஏற்றிக்கொண்டு போனது, மாற்று குவாட்டர்பேக் கரோப்பலோ இறங்கினார், 27-7 என்று வென்றார்கள். அந்தச் சிறுவன் கடைசி வரை உட்கார்ந்தே இருந்தான்.

ஆகவே நான்கு ஆட்டம் அநியாயம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை அணி மட்டும் செய்த அநியாயமாக எண்ண முடியவில்லை. பாதி அந்தக் கணுக்கால் செய்தது. அணியின் பிழை 2022இலோ 2023இலோ நடந்ததன்று. அவ்வளவு குறைவாக ஆடிய ஒருவருக்கு அவ்வளவு விலை கொடுத்த 2021 மார்ச்சில் நடந்தது. 2023 ஆகஸ்டில் அவரை டாலஸுக்கு ஒரே ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்குக் கொடுத்தபோது, போட்ட முதலை நினைத்து அழாமல் கணக்கை முடித்தார்கள். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்வோம்? பழுதான காரை, போன மாதம்தானே கிளட்ச் மாற்றினோம் என்று இன்னும் ஓர் ஆண்டு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நாம். கொசுறாக ஒன்று: நைனர்ஸ் விட்டுக்கொடுத்த அந்த 12ஆவது இடம் கைமாறிக் கைமாறி டாலஸிடம் போய்ச் சேர்ந்தது. அதில் அவர்கள் எடுத்தது பின்னாளில் தற்காப்பு நட்சத்திரமான மைக்கா பார்சன்ஸை. கடைசியில் லான்ஸும் அங்கேயே போனார். விதிக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

ஆட்டக்காரர் பட்டியலைப் பற்றி நாம் நடத்தும் வாதங்களில் பெரும்பாலும் தவறான பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்பது என் அனுபவம். 2022 ஆகஸ்ட் முழுக்க ஊரே லான்ஸா கரோப்பலோவா என்று கத்தியது. நானும் கத்தினேன். பட்டியலில் 53 பேருக்குத்தான் இடம். மாத இறுதியில் அந்தப் பட்டியலை இறுதி செய்தபோது, உத்தரவாதச் சம்பளம் பேசிக் கூட்டிவந்த அனுபவசாலியான நேட் சட்ஃபெல்டை அனுப்பிவிட்டு, மூன்றாவது குவாட்டர்பேக் இடத்தைக் கடைசி இலைக்காரரான பர்டிக்குக் கொடுத்தார்கள். ஏழாம் சுற்றில் வந்தவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுப் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்வது வழக்கம். அப்படி நீக்கினால் இடையில் வேறு அணி கொத்திக்கொண்டு போகலாம். அந்த ஆண்டின் மிகப் பெரிய முடிவு இதுதான். இதைப் பற்றி என் நண்பர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 4 அன்று மியாமிக்கு எதிராகக் கரோப்பலோவின் பாதம் முறிந்தது. பர்டி இறங்கினார், 33-17. அடுத்த வாரம் எதிரில் குவாட்டர்பேக் ஜாம்பவான் டாம் பிரேடி, 35-7. அப்படியே ஜனவரி 29 வரை தோல்வி இல்லை. அன்று ஃபிலடெல்பியாவில் ஹாசான் ரெடிக் வந்து இடித்ததில் பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாற்றாக வந்த ஜாஷ் ஜான்சனுக்கு மூளையதிர்ச்சி. வேறு ஆள் இல்லாமல், வீச முடியாத கையோடு பர்டியே திரும்பி வந்து பந்தை வாங்கி வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். 31-7 என்று தோற்றார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் அவசரத்துக்கென்று மூன்றாவது குவாட்டர்பேக்கை ஆட்ட நாளில் தயாராக வைத்திருக்கலாம் என்று 2023இல் விதியே கொண்டுவந்தார்கள். உங்கள் "யார் வேண்டுமானாலும் வீசலாம்" என்ற வாதத்துக்கு அன்றைய மாலை நல்ல மருந்து. மெக்காஃப்ரி, டீபோ, கிட்டில், ஐயுக் நான்கு பேரும் களத்தில்தான் இருந்தார்கள்.

இனிக் காசு. லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2023இல் அது 22.48 கோடி டாலர். கடைசி இலைக்காரரின் சம்பளம் அந்த ஆண்டு பத்து லட்சத்துக்கும் கீழே. தொழிலாளர் ஒப்பந்தப்படி மூன்று பருவங்கள் முடியும்வரை அதைத் திருத்திப் பேசவும் முடியாது. முந்தைய குவாட்டர்பேக்கான கரோப்பலோவுக்கு 2018இல் ஆண்டுக்குச் சராசரி 2.75 கோடி பேசியிருந்தார்கள். இந்த வித்தியாசம் எங்கே போனது? 2023 மார்ச்சில் தற்காப்பு வரிசைக்கு ஹார்க்ரேவ் வந்தார், நான்காண்டுக்கு 8.4 கோடி. செப்டம்பரில் அதே வரிசையின் நிக் போசாவுக்கு ஐந்தாண்டுக்கு 17 கோடி. நீங்கள் சொல்லும் நேரான கூடத்தில் பாதித் தளம் பர்டியின் மலிவில் போட்டது. ஆகவே "அவர் நல்லவரா, அணி நல்லதா" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும்போதே கேள்வி கோணிவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவருடைய விலையும் அவருடைய திறமைகளில் ஒன்றுதான்.

2025 மே மாதம் புது ஒப்பந்தத்தோடு அந்தத் திறமை தீர்ந்துபோனது. ஆண்டுக்குச் சராசரி 5.3 கோடி, 2025இன் உச்சவரம்போ 27.92 கோடி. முதல் ஆண்டுகளில் கணக்குப் புத்தகத்தில் பாரம் குறைவாகத் தெரியும்படி முன்பணத்தைப் பரப்பி எழுதுவார்கள் என்றாலும், ஒருநாள் அது வந்து நிற்கும். கையெழுத்துக்கு முன்பே கூடத்தில் கற்கள் பெயரத் தொடங்கிவிட்டன. மார்ச்சில் டீபோ வாஷிங்டனுக்கு, கிரீன்லாவும் ஹுஃபாங்காவும் டென்வருக்கு, வார்டு இண்டியானாபோலிஸுக்கு. வயதும் காயமும் இதில் உண்டு, பழி முழுவதும் பர்டியின் தலையில் வேண்டாம். ஆனாலும் இனி அவர் ஆடப்போவது வேறு கூடம்.

எண்களுக்கு வருகிறேன். பர்டியின் வீச்சு மதிப்பெண் 2023இல் 113, லீக்கிலேயே முதலிடம். 2024இல் 96.1. இந்த மதிப்பெண்ணை வைத்து உங்கள் மைத்துனரோடு சண்டை போடாதீர்கள். இரண்டு கெஜம் தள்ளி வீசிய பந்தை வாங்கி டீபோ அறுபது கெஜம் ஓடினால், அறுபத்திரண்டும் வீசியவர் கணக்கில்தான் ஏறும். அதனால்தான் 2023 டிசம்பரில் முன்னாள் குவாட்டர்பேக் கேம் நியூட்டன் இவரை வெறும் ஆட்ட மேலாளர் என்றார். கூடத்தின் பங்கு என்ன என்பதற்கு 113க்கும் 96க்கும் உள்ள இடைவெளியை உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். அது சிறியதில்லை. ஆனால் 96 என்பது கீழே விழுந்தவரின் மதிப்பெண்ணும் இல்லை. 2024 ஜனவரியில் டெட்ராய்ட் ஆட்டத்தில் பாதியில் 24-7 என்று பின்தங்கியிருந்தபோது, எதிராளியின் முகக்கவசத்தில் பட்டு எகிறிய பந்தை ஐயுக் பிடித்தது அதிர்ஷ்டம். அதன்பின் வழியில்லாத இடங்களில் பர்டி தானே பந்தோடு ஓடியது அதிர்ஷ்டமா? 34-31 என்று வென்றார்கள்.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வேறொரு காட்சி. 2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல், கூடுதல் நேரம். மூன்றாவது முயற்சி, தேவை நான்கு கெஜம், எல்லைக்கு ஒன்பது கெஜம். பந்து கைக்கு வந்த கணத்தில் வலப்பக்கத் தடுப்பில் ஒரு குழப்பம், கேன்சஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸை யாருமே தொடவில்லை. அந்த மலை நேராக வருகிறது. பர்டி பின்னால் சாய்ந்தபடி அவசரமாக வீசுகிறார், பந்து தரையில். மூன்று புள்ளிகளோடு திருப்தி, பிறகு கேன்சஸ் சிட்டியின் குவாட்டர்பேக் மஹோம்ஸ் வந்து 25-22 என்று முடித்துவைத்தார். ஒரு தடுப்பாளர் அரை நொடி தாமதிக்க வைத்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். இன்னும் பெரிய கை உள்ளவர், அந்த அரை நொடி இல்லாமலும் அதை முடித்திருப்பாரோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. 5.3 கோடி அந்த ஐயத்தின் மீது கட்டிய பந்தயம். நான் நைனர்ஸ் நிர்வாகியாக இருந்தாலும் கட்டியிருப்பேன். ஏனென்றால் மாற்று வழி, இன்னொரு 2021 மார்ச்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கட்சிக்கு இருக்கும் மிகக் கூர்மையான ஆயுதத்தை நீங்கள் எடுக்கவேயில்லை. 2021இல் மூன்றாவது இடத்துக்கு நைனர்ஸ் எடுக்கப்போவது மேக் ஜோன்ஸைத்தான் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அவரை நியூ இங்கிலாந்து 15ஆவது இடத்தில் எடுத்தது, சலித்துக் கைவிட்டது, ஜாக்சன்வில்லும் விட்டது. 2025இல் பர்டிக்கு மாற்றாக, சொற்பச் சம்பளத்துக்கு சாண்டா கிளாரா வந்தார். பர்டியின் கால்விரல் காயத்தால் எட்டு ஆட்டங்களில் அவரே இறங்கி ஐந்தில் வென்றார். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. மைத்துனரிடம் சொல்லும்போது என் பெயரை இழுக்காதீர்கள். அவர் இன்னும் என்னைத் தன் கட்சி என்றுதான் நம்பிக்கொண்டிருப்பார்.