விடிய விடிய உட்கார்ந்து கூத்தை நேரில் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாக் கூத்தும் நாடகமும் கைபேசியிலேயே கிடைக்கும்போது நேரில் போய் எதற்குக் கண்விழிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர், தெருக்கூத்தைப் பத்து நிமிடத் துணுக்காக மட்டும் பார்த்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் கேள்வியில் தவறில்லை. எனக்குத்தான் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம், அதாவது மகாபாரதக் கதைத் திருவிழா, நடக்கும். பிற்பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் வீழும் படுகளம், மாலையில் தீமிதி. 2011 வைகாசியில் கர்ண மோட்சம் நடந்த இரவு நான் அத்தையோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். கர்ணன் சாகப்போகிறான் என்பது அங்கே தவழும் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. கீழே சலங்கை. முகவீணை என்ற சிறு நாயனம் ஒருமுறை வீறிட்டது. திரைக்குப் பின்னால் இருந்தபடியே கர்ணன் விருத்தம் பாட ஆரம்பித்தார். திரை விலகியதும் கிறிக்கி என்னும் வேகச் சுழற்சி சுற்றினார் பாருங்கள், மண் எழும்பி என் முகத்தில் அடித்தது. கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கீர்த்தியும் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தவைதான், கனமில்லாத மரம். ஆனாலும் கண்ணாடித் துண்டுகள் பதித்த அத்தனையையும் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் என் கைக்கெட்டும் தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே பாடினார். அரிதாரத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

போருக்குப் புறப்படும் முன் விடைபெற வரும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி தேரோட்டி மகன் என்று இழித்துப் பேசுகிறாள். பொன்னுருவி வேடம் கட்டியவரும் ஆண்தான். ஐந்து நிமிடத்தில் அது எனக்கு மறந்துவிட்டது. தான் குந்தியின் மகன் என்று அவன் சொன்னதும் அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு போகாதே என்று கதறுகிறாள். அத்தை பாயிலிருந்து எழுந்துவிட்டாள். "இத்தனை வருஷம் எங்கேடி போயிருந்தது இந்தப் பாசம்?" என்று உரக்கக் கேட்டாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. முன்வரிசையில் ஒரு கிழவி கர்ணனிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "போகாதேயப்பா" என்றாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்து நின்றுவிட்டு அடுத்த அடியை அவளுக்காகவே பாடினார். அந்த அடி அதுவரை நான் கேட்ட குரலில் இல்லை. முடிவு தெரிந்த நாங்கள் அத்தனை பேரும் அதைத் தடுத்துவிட முடியும் என்று அந்த ஒரு கணம் நம்பினோம். என் உடம்பு நடுங்கியது. சொல்லிவைக்கிறேன், அது பக்தி நடுக்கமில்லை, எனக்குச் சாமி வருவதில்லை. ஒரு பெருஞ்சந்தோஷம், அழுகையோடு சேர்ந்தது.

அதே காட்சியைப் பிறகு காணொளியில் தேடிப் பார்த்தேன். பாட்டு இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. கிழவிக்காக நிற்கும் அந்தக் கணம் எதிலும் இல்லை.

பழம்பெருமை பேசுகிறான் என்று சிலர் வருவார்கள். நான் சினிமாவுக்கு எதிரி இல்லை, வாரம் ஒன்று பார்க்கிறேன். கூத்தில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். கோமாளியான கட்டியங்காரனின் சில பேச்சுகளைப் பெண்களோடு உட்கார்ந்து கேட்க முடியாது, அதை நான் ஆதரிக்கவும் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஓர் அரங்கில் இதே கர்ண மோட்சத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னார்கள். அதற்கு முன்னால் சிறப்பு விருந்தினர்கள் நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மாலை ஐந்து மணியிலிருந்து வேடம் கட்டிக் காத்திருந்த கலைஞர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. பொன்னுருவி காட்சியையே வெட்டிவிட்டார்கள். கிராமியக் கலையை வளர்க்கிறோம் என்று மேடையில் பதாகை வேறு. அவர்கள் வளர்க்க வேண்டாம், இரவு முழுதும் ஆட விட்டாலே போதும். அன்று நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அங்கே ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

பங்குனியிலிருந்து ஆடி வரை செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டேதான் இருக்கும். கோயில் சுவரில் எந்த இரவு என்ன கூத்து என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். கர்ண மோட்சம் எந்த நாள் என்று பார்த்துப் போங்கள். பகலில் நன்றாகத் தூங்கிவிடுங்கள். ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் உட்காராதீர்கள், மத்தளக்காரருக்கு எதிரே முன்வரிசையில் பாயை விரித்துக்கொள்ளுங்கள். பொன்னுருவி வர நள்ளிரவு தாண்டிவிடும், அதற்குள் எழுந்து வந்துவிடாதீர்கள்.