பொட்டாசியம் வழியை அடைத்தால் நடை ஏன் மேம்படுகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். என் தங்கைக்குச் சில ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதையும் நோய்) இருக்கிறது. நடை தளர்ந்துவிட்டதால் நரம்பியல் மருத்துவர் ஃபாம்ப்ரிடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது ஓரளவு வேகமாக நடக்கிறாள். மாத்திரையோடு வந்த தாளில் அது பொட்டாசியம் கால்வாய்களை, அதாவது நரம்புச் சவ்வில் பொட்டாசியம் கடந்துசெல்லும் புரத வழிகளை, அடைக்கும் மருந்து என்று இருந்தது. சோடியம் உள்ளே வருவதால் நரம்பில் மின்துடிப்பு எழுகிறது, பொட்டாசியம் வெளியேறுவதால் அது அடங்குகிறது என்றுதான் நான் வகுப்பில் சொல்லி வருகிறேன். பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைத்தால் நரம்பு அடங்க முடியாமல் திணற வேண்டாமா? அல்லது இந்த மருந்து சிதைந்த மையலின் உறையை வளர்க்கிறதா?

ஓர் உயிரியல் ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இந்த மருந்து மையலினை வளர்ப்பதில்லை. முதல் கேள்விக்குத்தான் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் வகுப்பில் சொல்வது கணவாய் என்னும் கடல் உயிரியின் நரம்பைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்டு, பின்னர் 1963-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகள், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பருமனுள்ள, மையலின் உறையே இல்லாத கணவாயின் ஆக்சானில் (நரம்புச் செல்லின் நீண்ட இழையில்) செய்யப்பட்டவை. அங்கே சோடியம் கால்வாய்களும் பொட்டாசியம் கால்வாய்களும் ஒரே சவ்வில் கலந்து நிற்கின்றன. ஒன்று துடிப்பை எழுப்ப, மற்றது அடக்குகிறது. பாடநூல்கள் இந்தச் சித்திரத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த பக்கத்திலேயே மையலின் உறையுள்ள மனித நரம்பின் படத்தைப் போட்டுவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு இருப்பதை அவை சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

மையலின் உறையுள்ள ஆக்சானில் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் நீளமே உள்ள ரேன்வியர் கணுக்கள் என்னும் உறை இடைவெளிகளில் மட்டும் சவ்வு திறந்திருக்கிறது. பருத்த இழைகளில் ஒரு கணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வரை உறை போர்த்தியிருக்கும். துடிப்பு கணுவிலிருந்து கணுவுக்குத் தாவிச் செல்கிறது என்பதை ஜப்பானில் தசாகியின் ஆய்வுகளும், 1949-இல் ஹக்ஸ்லியும் ஸ்டாம்ஃப்லியும் வெளியிட்ட ஆய்வும் நிறுவின. சோடியம் கால்வாய்கள் கணுவில் நெருக்கமாகக் குவிந்திருப்பதும் பின்னர் தெரியவந்தது. தவளையின் கணுவில் அளந்தபோது கணவாயைப் போலவே பொட்டாசியம் மின்னோட்டமும் தெளிவாகக் கிடைத்தது. ஆகவே பாலூட்டிகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் 1979-இல் சியூ, ரிச்சி ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் முயலின் நரம்பில் அளந்தபோது, கணுவில் அந்தப் பொட்டாசியம் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லவே இல்லை. சோடியம் கால்வாய்கள் தாமாகவே விரைந்து மூடிக்கொள்வதாலும், எப்போதும் திறந்திருக்கும் ஒரு கசிவு வழியாலும் துடிப்பு அடங்கிவிடுகிறது. அந்தக் கசிவு எதன் வழியாக நிகழ்கிறது என்பது நீண்ட காலம் பெயரில்லாமல் கிடந்தது. எலிகளின் கணுக்களில் ட்ரெக்-1, ட்ராக் என்னும் இருவகைப் பொட்டாசியம் கால்வாய்களே அதற்கு முதன்மையான காரணம் என்று 2019-இல் காட்டினார்கள். ஃபாம்ப்ரிடின் அடைப்பது இவற்றை அல்ல.

அப்படியானால் ஃபாம்ப்ரிடின் அடைக்கும் கால்வாய்கள் எங்கே இருக்கின்றன? சியூவும் ரிச்சியும் அடுத்த ஆண்டே அதற்கும் விடை கண்டார்கள். மையலினைக் கணுவின் ஓரத்திலிருந்து பிரித்தவுடன், அதுவரை காணாதிருந்த பொட்டாசியம் மின்னோட்டம் அளவியில் தோன்றியது. அதாவது அந்தக் கால்வாய்கள் உறைக்கு அடியில் இருந்தன. கேவி 1.1, கேவி 1.2 என்று பெயர் பெற்ற இவை, கணுவை அடுத்து உறை சவ்வோடு இறுகப் பிணைந்திருக்கும் பகுதியையும் தாண்டி, அதற்கு அப்பால் திரண்டிருப்பதை 1993-இல் எதிர்ப்பொருள் சாயங்களால் நேரடியாகப் பார்க்கவும் முடிந்தது.

மையலினை மின்கம்பியின் மேலுறைக்கு ஒப்பிடுவது வழக்கம், நீங்களும் ஒப்பிட்டிருப்பீர்கள். அந்த ஒப்புமை போதாமல் போகும் இடம் இதுதான். கம்பியின் மேலுறை கிழிந்தால் உள்ளே இருப்பது வெறும் செம்பு. நரம்பின் உறை சிதைந்தாலோ, மின்னோட்டம் பரப்பில் சிதறிப் போவதோடு, அதுவரை மூடிக் கிடந்த பொட்டாசியம் கால்வாய்களும் வெளிப்பட்டுவிடுகின்றன. துடிப்பு அந்த இடத்துக்கு வந்தவுடன் அவை திறக்கின்றன; பொட்டாசியம் வெளியேறுகிறது; அடுத்த கணுவைத் தூண்டுமளவு மின்னோட்டம் சேர்வதற்குள் துடிப்பு அணைந்துவிடுகிறது. கால்வாய்களை அடைத்தால் துடிப்பு சற்று நீள்கிறது, அடுத்த கணுவுக்குப் போதிய மின்னோட்டம் சென்று சேர்கிறது. உறை கெடாத நரம்பில் அந்தக் கால்வாய்கள் மறைவாக இருப்பதால் மருந்து அங்கே பெரிய மாற்றம் எதையும் செய்வதில்லை. ஆகவே நரம்பு திணறுவதில்லை. டிஃப்தீரியா நச்சால் உறை நீக்கப்பட்ட எலியின் நரம்பு இழைகளில், கடத்தல் நின்றுபோன சிலவற்றில் இம்மருந்தை இட்டபோது அது மீள்வதை ஷெரட், பாஸ்டாக், சியர்ஸ் ஆகியோர் 1980, 1981-இல் வெளியிட்ட கட்டுரைகளில் காட்டினார்கள்.

உங்கள் தங்கைக்கு வெயில் காலத்திலோ வெந்நீரில் குளித்த பின்னோ தளர்ச்சி கூடுகிறதா என்று கவனியுங்கள். 1890-இல் உட்ஹாஃப் விவரித்த இந்த நிகழ்வும் இதே கணக்கைச் சேர்ந்தது. வெப்பம் ஏறும்போது துடிப்பின் கால அளவு குறைகிறது. விளிம்பில் நின்று கடத்திக்கொண்டிருந்த இழைக்கு அந்தச் சிறு குறைவே போதும், கடத்தல் நின்றுவிடும்.

இவ்வளவு அழகாகப் பொருந்திவரும் விளக்கத்தை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். ஆய்வகத்தில் நரம்பிழைகளின் மேல் ஊற்றப்பட்ட மருந்தின் செறிவு, மாத்திரை விழுங்கியவரின் இரத்தத்தில் சேரும் செறிவைவிடப் பன்மடங்கு அதிகம். ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையின்போது உடலில் சேரும் அளவிலான மருந்து, உறை இழந்த இழைகளின் கடத்தலில் பெரிய மாற்றம் செய்யவில்லை. நரம்பு இணைப்புகளில் செய்தி கடப்பதையும் தசையின் இழுவிசையையுமே கூட்டியது. உங்கள் தங்கையின் கால்களில் எது எவ்வளவு நடக்கிறது என்பதை அதனால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. வகுப்பில் இதைச் சொல்வதாக இருந்தால், இரண்டு விளக்கங்களையும் மாணவர்களிடம் வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டாம்.

இக்கால்வாய்கள் உறைக்கடியில் இருப்பதன் பயனும் இன்னும் தெளிவாகவில்லை. காஸ்பர்-2 என்னும் புரதம் இல்லாத எலிகளில் அவை உரிய இடத்தில் திரளுவதே இல்லை. ஆனாலும் அவற்றின் நரம்புகள் ஏறத்தாழ இயல்பாகவே கடத்தின என்பது 2003-இல் வந்த முடிவு. கேவி 1.1 மரபணுவில் பிழையுள்ள மனிதர்களுக்கோ அவ்வப்போது தள்ளாட்டமும் தசைத் துடிப்பும் வருகின்றன. அதனால் அவை வேண்டாதவை என்றும் சொல்லிவிட முடியாது.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009-இல் வெளியான பெரிய சோதனையில், அதை எடுத்துக்கொண்டவர்களில் 35 விழுக்காட்டினரின் நடை வேகம் சீராகக் கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 8 விழுக்காடு. உங்கள் தங்கை அந்த மூன்றில் ஒருவராக இருப்பது நல்லதே. ஆனால் 12 மணி நேர இடைவெளியில் 10 மில்லிகிராம் என்ற அளவை, கூடுதல் பயன் கிடைக்கும் என்று எண்ணி அவர் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது, விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்கவும் கூடாது. செறிவு ஏறினால் மூளையிலுள்ள கால்வாய்களும் அடைபட்டு வலிப்பு வரக்கூடும். மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதித்தார்களா என்பதை அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.