நண்டுக்கும் இறாலுக்கும் ஓடு அவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, அவை ஏன் முதுகெலும்பில்லாதவை?

ஓடு வெளியே இருப்பது. முதுகெலும்பு உள்ளே இருப்பது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட பழவேற்காடு மீன் சந்தையே போதும்.

மடவை மீனை வேகவைத்து சதையை ஒதுக்குங்கள். தலையிலிருந்து வால்வரை நடுமுள் வரும். அது ஒற்றை எலும்பல்ல, வரிசையாகக் கோர்த்த முள்ளெலும்புகள். அவற்றின் வழியே தண்டுவடம் போகிறது. இறாலை உரித்தால் வெறும் சதைதான். முதுகில் 'நரம்பு' என்று கீறி எடுப்போமே, அது குடல்! உண்மையான நரம்பு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. ஓடு உடலோடு சேர்ந்து வளராது; அதனால் நண்டு அதைக் கழற்றிப் புதிது போடும். அப்போது சில நாள் மெத்தென்று இருக்கும்.

குழம்புவது இங்கேதான்: சுறா, திருக்கைக்குக் குருத்தெலும்புதான், ஆனாலும் முதுகெலும்பிகளே. பாம்பும் விலாங்கும் அப்படியே. நெளிவதால் புழுவோடு சேர்த்துவிடுகிறார்கள். கணவாயின் வெள்ளை ஓடு (கடல் நுரை) உள்ளே இருந்தாலும் முதுகெலும்பு அல்ல, அதில் முள்ளெலும்புகளே கிடையாது.

மீன், தவளை இனம், ஊர்வன, பறவை, பாலூட்டி: முதுகெலும்பிகள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். விலங்கினங்களில் 95 சதவீதத்துக்கு மேல் மற்ற பக்கம்தான், பெரும்பாலும் பூச்சிகள்.