பிரவுச்சர்ல தனி வில்லா, அக்ரிமெண்ட்ல யூடிஎஸ்: கட்டின பணம் திரும்ப வருமா?

கேள்வி: கேளம்பாக்கம் பக்கம் ஒரு ப்ராஜெக்ட்ல "இண்டிபெண்டன்ட் வில்லா, 1,650 சதுர அடி, ப்ரைவேட் கார்டன்"னு விளம்பரம் பாத்து புக் பண்ணோம் சார். சதுர அடி 6,000 ரூபாய்னு 99 லட்சம் பேசி 15 லட்சம் கட்டிட்டோம். இப்போதான் அக்ரிமெண்ட் டிராஃப்ட் வந்திருக்கு. அதுல கார்பெட் ஏரியா 1,080, நிலம் யூடிஎஸ் (தனியா பிரிக்காத பங்கு), ரெண்டு பக்க சுவரும் பக்கத்து வீட்டோட பொது. கேட்டா "எல்லா இடத்திலயும் இப்படித்தான் மேடம், பிரவுச்சர் சும்மா மாதிரிக்கு"ங்கறாங்க. விலகிக்கலாமா?

பதில்: விலகிக்கலாம் மேடம், ஆனா அந்த டிராஃப்ட்ல கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. போட்டுட்டா "எல்லாம் படிச்சு தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டாங்க"ன்னு அடுத்த நாளே பேசுவாங்க. பேங்க் லோன் போட்டிருந்தா அடுத்த தவணையை ரிலீஸ் பண்ண வேணாம்னு எழுத்துல கொடுத்துடுங்க.

ஏரியா கணக்குலேந்து வர்றேன். 2016 ரெரா சட்டத்துல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துல, கார்பெட் ஏரியாவுக்குத்தான் விளக்கம் இருக்கு, பிரிவு 2(கே). வீட்டுக்குள்ள நீங்க புழங்கற தரை, உள்தடுப்பு சுவர் சேரும், வெளிச்சுவர், பைப் போற ஷாஃப்ட், பால்கனி, வராண்டா, ஓபன் டெரஸ் எதுவும் சேராது. சூப்பர் பில்ட்-அப்புங்கறதுக்கு அந்த சட்டத்துல விளக்கமே கிடையாது, ரோடு ஓரத்து செக்யூரிட்டி ரூம், கிளப் ஹவுஸ் வரைக்கும் பங்கு போட்டு உங்க தலையில ஏத்தி அதையும் வீட்டு அளவுன்னு சொல்லுவாங்க. உங்க 99 லட்சத்தை 1,080-ஆல வகுத்துப் பாருங்க, சதுர அடி 9,166 ரூபாய் வருது. நீங்க வாங்கற உண்மையான விலை அதுதான். வீடு தேடற எல்லாரும் இந்த ஒரு வகுத்தலை புக்கிங்குக்கு முன்னாடியே போட்டுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். ஆனா உள்ளதைச் சொல்லிடணும், பிரவுச்சர்ல எங்கயாவது பொடி எழுத்துல "சூப்பர் பில்ட்-அப்"னு இருந்தா ஏரியாவை மட்டும் வச்சு ஜெயிக்கறது கஷ்டம். வெறும் 1,650 சதுர அடின்னு மட்டும் இருந்தா உங்க பக்கம் நல்ல வலு இருக்கு.

அதைவிட பலமான பாயிண்ட் அந்த "இண்டிபெண்டன்ட்". வில்லாங்கற பேரை யாரு வேணா எதுக்கு வேணா வச்சுக்கறாங்க, ரெரா சட்டத்துல அதுக்குன்னு ஒரு இலக்கணம் இல்ல. லக்ஸுரி, பிரீமியம், "ஏர்போர்ட்டுக்கு 20 நிமிஷம்", இதையெல்லாம் வச்சு கேஸ் போடாதீங்க, நிக்காது. ஆனா தனி வீடு, சொந்தத் தோட்டம்னு சொன்னது உண்மையா பொய்யான்னு காட்டக்கூடிய விஷயம். யூடிஎஸ்னா மொத்த மனையில உங்களுக்குப் பிரிபடாத ஒரு பாகம், அவ்வளவுதான். இது என் நிலம்னு நாலு பக்கமும் எல்லை காட்ட முடியாது, நாளைக்கு மேல ஒரு மாடி எடுக்கணும்னாலோ இடிச்சுக் கட்டணும்னாலோ தனி மனைக்காரர் மாதிரி உங்க இஷ்டத்துக்கு செய்ய முடியாது. அந்தத் தோட்டம் அப்ரூவ்டு பிளான்ல பொது இடமா காட்டியிருக்கான்னும் பாருங்க. பிளானைக் கேட்டு வாங்க பிரிவு 19 உங்களுக்கு உரிமை தருது, டிஎன்ரெரா (தமிழ்நாட்டு ரெரா ஆணையம்) சைட்ல ப்ராஜெக்ட் பதிவு நம்பர் போட்டும் தேடிப் பாக்கலாம். விளம்பரத்துல அந்த நம்பரே இல்லைன்னா அது தனி மீறல்.

"பிரவுச்சர் சும்மா மாதிரிக்கு"ங்கற பேச்சுக்கு நேர் பதில் பிரிவு 12. விளம்பரத்தையோ மாடல் வீட்டையோ நம்பிப் பணம் கட்டினவருக்கு, அதுல சொன்னது பொய்யா இருந்து நஷ்டம் வந்தா இழப்பீடு தரணும், விலகறேன்னு சொன்னா போட்ட பணம் முழுசையும் வட்டியோட திருப்பித் தரணும். டிராஃப்ட்ல "விளம்பரம் எங்களைக் கட்டுப்படுத்தாது"ன்னு ஒரு கிளாஸ் கண்டிப்பா இருக்கும், சட்டம் கொடுத்த உரிமையை அந்த ஒரு வரி அழிச்சிடும்னு நான் நினைக்கல. இன்னொண்ணு, பதிவு பண்ணின அக்ரிமெண்ட் இல்லாம விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கவே கூடாது, பிரிவு 13. உங்களுக்கு 9.9 லட்சம்தான் வரம்பு, 15 லட்சம் வாங்கியிருக்காங்க. நோட்டீஸ்ல இதை முதல் பாராவிலயே எழுதச் சொல்லுங்க.

விளம்பரம், பிரவுச்சர், சேல்ஸ் ஆள் அனுப்பின வாட்ஸ்அப், வாய்ஸ் நோட் எல்லாத்தையும் தேதி தெரியற மாதிரி இன்னைக்கே சேமிச்சு வைங்க, வெப்சைட்டை அவங்க மாத்திட்டா அப்புறம் தேடி அலையணும். அப்புறம் வக்கீல் மூலமா டெலிவரி சான்றோட ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ். பதில் வரலைன்னா டிஎன்ரெராவுல பணமும் வட்டியும் கேட்டு படிவம் எம், இழப்பீடும் வேணும்னா அதை முடிவு பண்ற அட்ஜுடிகேட்டிங் ஆபீசர்கிட்ட படிவம் என். நுகர்வோர் கமிஷனுக்கும் போகலாம், ரெரா இருக்கறதால அந்த வழி அடைபடாதுன்னு 2020-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆனா ஒரே கோரிக்கைக்கு ரெண்டு இடத்திலயும் ஏறாதீங்க.

நோட்டீஸ் போனதும் சமாதானமா பேசி ஒரு கேன்சலேஷன் ஃபார்ம் நீட்டுவாங்க, அதுல "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு அச்சடிச்சிருக்கும். அதுல நீங்களோ உங்க வீட்டுக்காரரோ கையெழுத்து போட்டா, நீங்களா விலகினதா ஆகி கேன்சலேஷன் சார்ஜுன்னு லட்சக்கணக்குல பிடிச்சுடுவாங்க. விளம்பரத்துல சொன்னது பொய்யா இருந்ததால பிரிவு 12-ன்படி விலகறோம்னு நீங்களே தனிக் கடிதமா எழுதி கொடுங்க, கொடுத்ததுக்கு சீல் போட்ட நகலும் வாங்கிக்கோங்க.