குழாய் நிற்கும் நான்கு நாட்கள்: எத்தனை குடம் வேண்டும்?

கேள்வி: மயிலாடுதுறையில் வசிக்கிறோம், வீட்டில் நான்கு பேர். குழாய்ப் பழுதுபார்ப்புக்காக நான்கு நாட்கள் குடிநீர் வராது என்று ஆட்டோவில் அறிவித்துச் சென்றார்கள். மாடியில் 1,000 லிட்டர் தொட்டியும், தெருமுனையில் அடிபம்பும் உள்ளன. முன்பு ஒருமுறை இரண்டு நாள் நின்றதற்கே வீடு திண்டாடிவிட்டது. எவ்வளவு பிடித்து வைக்க வேண்டும்? அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: காவிரிக் கரையில் இருந்துகொண்டு தண்ணீருக்குத் திண்டாடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். வாய்க்காலிலும் குளத்திலும் அடிபம்பிலும் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சுத்தம் செய்து, வீடுவரை கொண்டுவந்து, மாடிக்கு ஏற்றித் தரும் வேலையை இத்தனை நாளும் குழாயும் மோட்டாரும் பார்த்துவந்தன. அந்த நான்கு நாட்களும் அது உங்கள் கைக்கு வந்து சேரும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களை வகுக்கிறார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர், அதாவது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 36 குடம். காகிதத்தில் இது வெறும் கணக்கு. பத்தாவது குடத்தைத் தூக்கும்போதுதான் 15 கிலோ என்றால் என்னவென்று இடுப்புக்குத் தெரியும்.

நல்லவேளையாக, 36 குடம் உங்களுக்குத் தேவைப்படாது. குடிக்கவும் சமைக்கவும் 2 குடம், ஆளுக்கு ஒரு வாளி வீதம் குளிக்க 4 குடம், பாத்திரம் கழுவ 2 குடம் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில்தான் கணக்கு தவறும். பிளஷ் தொட்டி ஒருமுறைக்கு 6 முதல் 10 லிட்டர் வரை கொட்டிவிடும். ஆளுக்கு ஐந்து முறை என்றாலும் அதற்கே நாளைக்கு எட்டுக் குடத்துக்குக் குறையாது. பிளஷ் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, குவளையால் 3 லிட்டர் அளவுக்கு வேகமாக ஊற்றினால் 4 குடத்தில் முடிந்துவிடும். ஆக, நாளொன்றுக்கு 12 குடம். நான்கு நாட்களுக்கு 720 லிட்டர். துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டால் மாடித் தொட்டியே போதும்.

தொட்டி நிறைந்திருந்தும் சிலர் இரண்டாம் நாளே தவிப்பதற்குக் காரணம், குழாயைத் திறந்தால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியாததுதான். எனவே தண்ணீர் நிற்பதற்கு முந்தைய நாளே தொட்டியை நிரப்பி, அதிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை அடைத்துவிடுங்கள். காலையும் மாலையும் மட்டும் திறந்து, அன்றைய குடங்களையும் வாளிகளையும் நிரப்பிக்கொண்டு மீண்டும் அடையுங்கள். குடிக்கும் தண்ணீரை மூடியுள்ள தவலையில் தனியே வைத்து, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் மொள்ளுங்கள். கை பட்ட சொம்பை உள்ளே விடுவதால்தான் நல்ல தண்ணீரும் கெடுகிறது. வால்வு மூடியிருக்கும்போது கீசரைப் போடவே கூடாது. தண்ணீரில்லாமல் சூடானால் அதன் காயில் எரிந்துவிடும்.

அடிபம்புத் தண்ணீரைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் தயங்காமல் பயன்படுத்தலாம். குடிக்க வேறு வழியில்லையென்றால், குமிழியிட்டுக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். அல்லது குளோரின் மாத்திரையை உறையில் அச்சிட்ட அளவில் போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. உப்பு கரித்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உறவினர்கள் இதை உங்களைவிட நன்றாக அறிந்திருப்பார்கள். வேதாரண்யத்துக்குக் குடிநீரே கொள்ளிடத்திலிருந்துதான் குழாய் வழியாகப் போகிறது.

குழாயில் தண்ணீர் திரும்பும் நாளில் அவசரப்பட வேண்டாம். அழுத்தமின்றிக் கிடந்த குழாய்க்குள் விரிசல்கள் வழியாகச் சாக்கடை நீர் கசிந்திருக்கலாம். ஆகவே முதலில் வரும் கலங்கல் நீரைத் தரைத்தொட்டிக்கு விடாமல், வாசல் குழாயைத் திறந்து தெளியும்வரை செடிகளுக்கு விடுங்கள். வீட்டுக்குள் குழாய்கள் மூடியிருக்கின்றனவா என்று முந்தைய இரவே பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று திறந்து கிடந்து, தண்ணீர் நள்ளிரவில் வந்தால் விடிவதற்குள் தொட்டி காலியாகிவிடும். கடைசியாக, பிடித்து வைத்த அண்டா, வாளிகளைக் கவிழ்த்து வைப்பதோடு விடாமல் உட்புறத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில்தான் முட்டையிடும். அந்த முட்டைகள் உலர்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த முறை நீங்கள் தண்ணீர் பிடிக்கும்போது பொரிக்கும்.