பெட்ரோல் எங்கே போகிறது? பழைய கார்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்: வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது. எழுதியவர்களில் பலர் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் செலவு செய்து பாகங்களை மாற்றிவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

"2009 வேகன் ஆர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி ஆறு மாதமாக 13-தான் கொடுக்கிறது. பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. நாலு டயரும் புதுசு. இன்னும் என்ன பார்க்க வேண்டும்?" (ஈரோடு)

டயர் புதுசு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் அளவைப் படியுங்கள். உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். அது 145/80 ஆர்13 என்று வைத்துக்கொள்வோம். 'கொஞ்சம் அகலமாகப் போட்டால் கிரிப் நன்றாக இருக்கும்' என்று 155/80 ஆர்13 மாட்டிவிடுவது கடைகளில் சகஜம். அது குறுக்களவில் 16 மில்லிமீட்டர் பெரிது. சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் 100 கிலோமீட்டர் போனால் அது 97 என்றுதான் காட்டும். உண்மையான 16 கணக்கில் 15.5 ஆகிவிடும். பைபாஸில் கிலோமீட்டர் கற்களை வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மீதி இரண்டரை எங்கே போனது? எப்படி அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 500 ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் விளக்கு எரியும் வரை ஓட்டுகிற கணக்கை நம்பாதீர்கள். டேங்க்கில் மிதக்கிற மிதவை அவ்வளவு துல்லியமாகக் காட்டாது. ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் முதல்முறை தானாக நிற்கும்போது (ஆட்டோ கட்) நிறுத்துங்கள். ரவுண்டு பண்ணுகிறேன் என்று கழுத்து வரை ஊற்ற விடாதீர்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே பம்ப்பில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

அப்படியும் 13 வந்தால், டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரியும் தட்டினால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை. டயர் சாலையில் உருளாமல் தேய்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம்.

"2006 ஆல்டோவை கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மலைக்கு வந்ததிலிருந்து மைலேஜ் 11. மெக்கானிக் இன்ஜெக்டர் சர்வீஸ் செய்தும் மாற்றமில்லை. டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கிறது. என்ஜின் சூடாகாமல் இருப்பது நல்லதுதானே?" (குன்னூர்)

இல்லைங்க, நல்லதே இல்லை. நீங்கள் நல்லது என்று நினைக்கிற அந்த முள்தான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பானட்டைத் திறந்து, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள் (ஃபேன் பக்கம் கை போகக்கூடாது). தெர்மோஸ்டாட் என்பது, என்ஜின் சூடாகும் வரை கூலன்டை (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு. அது சரியாக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடம் சில்லென்றே இருக்கும். கூலன்ட் சுமார் 80 டிகிரியைத் தாண்டியதும் திடீரென்று கை வைக்க முடியாதபடி சுடும். அப்படியில்லாமல், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பு ஏறிக்கொண்டே போனால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே அது இல்லவே இல்லை.

இல்லாமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். என்ஜின் ஒருமுறை சூடாகி நின்றால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு 'நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை' என்று சொல்லி அனுப்புவது பல பட்டறைகளில் வழக்கம். என்னுடைய முதல் காரிலும் அப்படித்தான் கழற்றிவிட்டார்கள், எனக்கே சொல்லாமல். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டர் அடைத்துப்போனதுதான் உண்மையான காரணம். அதை விட்டுவிட்டார்கள்.

குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதை ஈடுகட்ட இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாகப் பெட்ரோல் விடும். சாதாரணமாக இது முதல் சில நிமிடத்தோடு முடிந்துவிடும். உங்கள் வண்டிக்கு நாள் முழுக்கவே அந்த முதல் சில நிமிடம்தான், அதுவும் குன்னூர் குளிரில். போதாததற்கு, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் தாமதிக்காதீர்கள், ஆயிலையும் சேர்த்து மாற்றுங்கள்.

புது தெர்மோஸ்டாட் வாங்கினால் மாட்டுவதற்கு முன் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து அதில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே வால்வு மெல்ல வாய் திறப்பது கண்ணுக்குத் தெரியும். வெளியே எடுத்தால் சில நொடிகளில் மூடிக்கொள்ளும். விளிம்பில் ஆடுகிற சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டச் சொல்லுங்கள், காற்று வெளியேறுகிற வழி அது. கூலன்டையும் புதிதாக ஊற்றி, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். இல்லையென்றால் பழைய சூடு திரும்ப வரும்.

மலையில் ஏறும்போது மட்டும் அளந்து 11 என்று சொல்லியிருந்தால் அது நியாயமில்லை. ஏறி இறங்கி, சேர்த்து அளக்க வேண்டும்.

"கார் நியூட்ரலில் சரிவில்கூட உருள மாட்டேன் என்கிறது. இதனால் மைலேஜ் குறையுமா?" (திருவாரூர்)

கண்டிப்பாக. பிரேக் ஜாம் ஆகியிருக்கிறது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 15 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு வீலுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். முன்சக்கரம் என்றால் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும் அல்லது பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். மழைத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி வரும். மைலேஜ் கிடக்கட்டும், சூடேறிய பிரேக் அவசரத்தில் பிடிக்காது. இந்த வாரமே பாருங்கள்.

"எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்துதான் என் 2011 காரின் மைலேஜ் 17-லிருந்து 13 ஆனது. அதுதானே காரணம்?" (நாகர்கோவில்)

கொஞ்சம் அது, மீதி உங்கள் வண்டி. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறையும். பழைய வகை நான்கு சக்கர வண்டிகளுக்கு நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும் இதே 6-7 சதவீதத்தைத்தான் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் 17 ஏறக்குறைய 16 ஆகலாம். 13 ஆகாது. எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போட்டுவிட்டால் உண்மையான கோளாறு அப்படியே வளரும். பழைய வண்டி என்பதால் பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்பு, உப்பல், வாடை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எத்தனால் பழைய ரப்பரைப் பாதிக்கும்.

"செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. ஆனாலும் ஆக்ஸிஜன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? 2012 ஐ10." (மதுரை)

அவசரப்படாதீர்கள். சைலன்சர் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று பார்த்து இசியூவுக்குச் சொல்வதுதான் அந்தச் சென்சரின் வேலை. ஸ்கேனர் போட்டு லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லுங்கள். 'லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்' என்ற எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிளஸ் 10-க்கு மேல் போனால் இசியூ தொடர்ந்து கூடுதல் பெட்ரோல் விடுகிறது என்று பொருள். மைனஸ் 10-க்குக் கீழே போனால் எங்கோ பெட்ரோல் அதிகமாகி, இசியூ அதைக் குறைக்கப் பார்க்கிறது. என்ஜின் சூடான பிறகு முன் ஆக்ஸிஜன் சென்சரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே சட்சட்டென்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் சென்சர் மேல் சந்தேகப்படலாம்.

ஆனால் அதற்கு முன் சைலன்சர் மேனிஃபோல்டில் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) லீக் இருக்கிறதா பாருங்கள். சென்சருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சர் 'பெட்ரோல் போதவில்லை' என்று தவறாகச் சொல்லும், இசியூவும் நம்பி ஊற்றும். சென்சர் சொன்னது பொய், ஆனால் கெட்டது சென்சர் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சரைத்தான் மாற்ற வேண்டும், விலையும் குறைவு.

"2010 ஸ்விஃப்ட் டீசல். பிக்கப் இல்லை, கறுப்புப் புகை, மைலேஜ் 14. நாலு இன்ஜெக்டரும் போச்சு என்கிறார்கள்." (சேலம்)

கறுப்புப் புகை என்றால் டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை. முதலில் டர்போவிலிருந்து (காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) என்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். கிளிப் பக்கம் ஆயில் கசிந்து பிசுபிசுத்திருந்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால், காற்று அங்கேதான் போகிறது. அடுத்து, கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடுவது). இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள்: நாலு குப்பியில் திரும்பி வரும் டீசலைப் பிடித்தால் எது கெட்டது என்று தெரியும். நாலும் ஒன்றாகக் கெடுவது அபூர்வம்.

"ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடுமா?" (தஞ்சாவூர்)

கார்புரேட்டர் வண்டியில் கூடும். எம்பிஎஃப்ஐ வண்டியில் (இசியூ சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவது) பிக்கப் தேறும், மைலேஜில் பெரிய மாற்றம் தெரியாது. என்ஜினுக்குள் தூசி போகாமல் இருக்கவாவது மாற்றுங்கள்.

"வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் போய் வருகிறேன். தினமும் அவ்வளவுதான். 2013 வண்டி, 10-தான் கொடுக்கிறது. எல்லாம் பார்த்துவிட்டார்கள், குறையில்லை." (சென்னை)

குறை இல்லாமலே இருக்கலாம். என்ஜின் சூடேறி முடிக்கும்போது உங்கள் ஆபீஸ் வந்துவிடுகிறது. நடுவில் சிக்னல், ஏசி. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு மைலேஜ் பூஜ்யம்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்க் ஃபுல் செய்து, விழுப்புரம் வரை 80 வேகத்தில் போய்வந்து, அதே பம்ப்பில் நிரப்பிப் பாருங்கள். 17, 18 வந்தால் வண்டியை யாரும் பிரிக்க விடாதீர்கள்.